பூங்கா எரிந்த பிறகு

ஒரு வீட்டில் துயரம் நேர்ந்தால் உறவினரும் அண்டை அயலாரும் அங்கே சென்று துக்கம் விசாரிப்பார்கள். நாலு வார்த்தை ஆறுதல் சொல்வார்கள். ஆகவேண்டிய வேலைகளைப் பகிர்ந்துகொள்வார்கள். ஆனால், ஒரு பூங்கா எரிந்துபோனால் யார் வீட்டிற்குச் சென்று துக்கம் விசாரிப்பது? பூங்கா எவருடைய தனிச்சொத்தும் அன்று. அது ஊரார் அனைவருக்கும் உரியது. ஆகவே, அதன் இழப்பும் ஊரார் அனைவருக்கும் உரியதாகிறது.

2007ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகர மக்களுக்கு இத்தகைய இழப்பு ஏற்பட்டது. அவர்கள் பெரிதும் நேசித்த கிரிஃபித் பூங்காவில் காட்டுத்தீ பரவி, மலைச்சரிவுகளைக் கருக்கியது. மக்கள் வருந்தினர். வருத்தத்தோடு நின்றுவிடாமல், எரிந்த இடத்தில் உடனே மரம் செடிகளை நட்டுப் பூங்காவைப் பழையபடி ஆக்கிவிடவேண்டும் என்று பலர் துடித்தனர். அந்தத் துடிப்பு இயல்பானது, நல்லெண்ணத்தில் பிறந்தது. ஆயினும், எரிந்த இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரே விதமான உதவி பொருந்தாது என்பதைக் கிரிஃபித் பூங்கா உணர்த்தியது. அந்தப் பூங்கா எப்படிப்பட்டது, அங்கே என்ன எரிந்தது, பிறகு எது எவ்வாறு மீண்டது என்பதை அறிந்தால் அதன் காரணம் விளங்கும்.

நகரின் நடுவே ஒரு மலை

லாஸ் ஏஞ்சலிஸ், அகன்ற சாலைகளும் ஓயாத வாகனப் போக்குவரத்தும் நிறைந்த மாநகரம். அந்த நெரிசலின் நடுவே மலைகளும் பள்ளத்தாக்குகளுமாகப் பரந்து கிடக்கிறது கிரிஃபித் பூங்கா. வேல்ஸ் நாட்டில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறிச் செல்வந்தரான கிரிஃபித் ஜெ. கிரிஃபித் என்பவர், 1896ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 3,015 ஏக்கர் நிலத்தை நகரத்திற்குக் கிறிஸ்துமஸ் பரிசாக வழங்கினார். சாதாரண மக்கள் ஓய்வெடுக்கவும் மகிழ்ந்திருக்கவும் ஓரிடம் வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். பின்னாளில் மேலும் நிலம் சேர்க்கப்பட்டு, இன்று அது 4,200 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பளவைக் கொண்டுள்ளது. சிங்கப்பூர்ப் பூமலையைப் போல ஏறத்தாழ இருபது மடங்கு பெரிய இடம் அது.

பூங்காவின் தெற்குச் சரிவில் 1935ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வானாய்வுக்கூடம் வெண்ணிறத்தில் நிற்கிறது. கட்டணம் எதுவும் செலுத்தாமல் பொதுமக்கள் அங்கே தொலைநோக்கி வழியாக நிலவையும் கோள்களையும் காணலாம். வேறொரு பகுதியில் விலங்குத் தோட்டம் உள்ளது. குதிரைச் சவாரிக்கும் நடைப்பயிற்சிக்கும் ஏற்ற பாதைகள் பல மைல் தொலைவுக்கு மலைமீது வளைந்து செல்கின்றன. காலையில் மெதுவோட்டம் ஓடுபவர்கள், பிள்ளைகளோடு வந்து புல்தரையில் அமர்ந்து உண்ணும் குடும்பத்தார், மாலையில் நகர விளக்குகளைப் பார்க்க மலையேறும் இளையர்கள் எனப் பலதரப்பட்டோரும் அங்கே கூடுவர்.

பூங்கா என்றவுடன் வெட்டி ஒழுங்குபடுத்திய புல்வெளியும் வரிசையாக நட்ட மரங்களும்தாம் நம் கண்முன் தோன்றும். கிரிஃபித் பூங்காவின் பெரும்பகுதி அவ்வாறு அமைந்ததன்று. அதன் மலைச்சரிவுகளில் இயற்கையாகவே அடர்ந்த புதர்க்காடு வளர்ந்துள்ளது. கலிஃபோர்னியாவில் பரவலாகக் காணப்படும் இத்தகைய புதர்க்காட்டை அங்குள்ளோர் ‘ஷாபரல்’ என்று அழைக்கின்றனர். லாரல் சுமாக், டோயான், சியனோதஸ் முதலிய செடிகள் அதில் நெருங்கி வளர்கின்றன. மான்களும் நரியை ஒத்த கயோட்டிகளும் ஆந்தைகளும் பருந்துகளும் அங்கே வாழ்கின்றன. வீட்டிலிருந்து சிறிது தொலைவிலேயே இப்படியொரு காடு இருப்பதுதான் கிரிஃபித் பூங்காவின் சிறப்பு.

கைகளால் வளர்ந்த தோட்டம்

அந்தக் காட்டின் நடுவே மனிதக் கைகள் உருவாக்கிய தோட்டமும் ஒன்று இருந்தது. பூங்காவிலுள்ள ஹாலிவுட் மலையின் சரிவில், 1960களின் நடுப்பகுதியில், டான்டே ஓர்கோலினி என்ற கலைஞர் செடிகளை நடத் தொடங்கினார். அவர் பிரேசில் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர். அந்த வேலையை எவரும் அவருக்குக் கொடுக்கவில்லை. அதற்குச் சம்பளமும் இல்லை. வறண்ட மலைச்சரிவில் மண்ணைக் கொத்தி, நட்டு, நீர் ஊற்றி, ஏறத்தாழ இரண்டு ஏக்கர் பரப்பில் ஒரு பசுஞ்சோலையை அவர் உருவாக்கினார். மலையேறிக் களைத்து வருவோர் அந்த நிழலில் அமர்ந்து இளைப்பாறினர். அவருடைய பெயராலேயே அவ்விடம் ‘டான்டேஸ் வியூ’ என்று வழங்கலாயிற்று.

ஓர்கோலினி மறைந்த பிறகு, சார்லி டர்னர் என்ற முதியவர் அந்தத் தோட்டத்தைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். இங்கிலாந்தில் பிறந்தவரான அவர் மலைமீது ஏறிச் சென்று செடிகளைப் பேணிவந்தார். வானாய்வுக்கூடத்தின் அருகே தொடங்கும் மலைப்பாதையின் முகப்புக்கு இன்று அவருடைய பெயர் சூட்டப்பட்டுள்ளது. அவருக்குப் பின்னும் தொண்டூழியர்கள் அந்தப் பணியைத் தொடர்ந்தனர். இவ்வாறு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கைமாறிக் கைமாறி வளர்ந்த தோட்டம் அது.

ஆக, கிரிஃபித் பூங்காவில் இரண்டு வகையான பசுமை இருந்தது. ஒன்று, எவரும் நடாமலேயே வளர்ந்த புதர்க்காடு. மற்றொன்று, மக்கள் நட்டு வளர்த்த தோட்டம். இந்த வேறுபாட்டை நினைவில் கொள்வது அவசியம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை

தெற்குக் கலிஃபோர்னியாவில் குளிர்காலத்தில்தான் மழை பெய்யும். கோடைக்காலம் முழுதும் வறட்சியாக இருக்கும். 2006ஆம் ஆண்டு ஜூலை முதல் 2007ஆம் ஆண்டு ஜூன் வரையிலான பருவத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் நகர மையத்தில் 3.21 அங்குல மழை மட்டுமே பெய்தது. அதாவது, ஏறத்தாழ 82 மில்லிமீட்டர். அங்கே மழையளவு பதிவு செய்யப்படத் தொடங்கிய 1877ஆம் ஆண்டிலிருந்து அதுவரை அவ்வளவு வறண்ட பருவம் வந்ததே இல்லை. சிங்கப்பூரில் ஆண்டுதோறும் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது என்பதோடு ஒப்பிட்டால் அந்த வறட்சியின் கடுமை புரியும்.

மழை இல்லாததால் புதர்கள் காய்ந்து சருகாகக் கிடந்தன. ஷாபரல் செடிகளின் இலைகள் சிறியவை, தடித்தவை. அவற்றுள் பலவற்றில் எண்ணெய்ப் பசையும் மெழுகும் உண்டு. நீர் ஆவியாகி வீணாகாமல் காக்க அவை உதவுகின்றன. ஆனால், தீப்பொறி ஒன்று விழுந்துவிட்டால் அவையே நல்ல எரிபொருளாகிவிடும். மலைச்சரிவும் தீக்குத் துணை நிற்கும். வெப்பம் மேல்நோக்கி எழுவதால், சரிவின் கீழே பற்றிய நெருப்பு மேலேயுள்ள செடிகளைச் சூடாக்கி உலர்த்திவிடுகிறது. எனவே, சமதளத்தைவிட மலையேறும்போது தீ வேகமாகப் பரவுகிறது.

2007ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், செவ்வாய்க்கிழமை. நண்பகல் கடந்த வேளையில் பூங்காவில் தீ மூண்டது. காற்றின் துணையோடு அது சரிவுகளில் ஏறிப் பள்ளத்தாக்குகளைத் தாண்டியது. இருட்டிய பிறகு, மலையுச்சியில் எரிந்த செந்நிறச் சுவாலைகளை நகரின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் கண்டனர். பூங்காவை ஒட்டிய குடியிருப்புகளிலிருந்து நூற்றுக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டனர். தீயணைப்பு வீரர்கள் தரையில் நின்று போராட, ஹெலிகாப்டர்கள் வானிலிருந்து தண்ணீரைக் கொட்டின.

தீ விலங்குத் தோட்டத்தின் எல்லைவரை வந்தது. சில ஆண்டுகள் மூடப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டு, 2006ஆம் ஆண்டு நவம்பரில்தான் மீண்டும் திறக்கப்பட்டிருந்த வானாய்வுக்கூடத்தையும் அது அச்சுறுத்தியது. அவை இரண்டும் காப்பாற்றப்பட்டன. குடியிருப்புகளும் தப்பின. உயிர்ச்சேதம் இல்லை. இதன் அருமையை உணர, அதே பூங்காவில் 1933ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் நடந்த துயர நிகழ்வை நினைவுகூரவேண்டும். அப்போது பொருளாதார மந்தத்தால் வேலையிழந்த பலர், அரசின் நிவாரணத் திட்டத்தின்கீழ் பூங்காவில் பணியாற்றி வந்தனர். தீயணைப்புப் பயிற்சி எதுவும் பெறாத அவர்கள், மண்வெட்டிகளோடு தீயை அணைக்கச் சென்றனர். காற்றின் திசை மாறியது. 29 பேர் மாண்டனர். அன்று எரிந்தது 47 ஏக்கர் மட்டுமே.

2007இல் எரிந்ததோ 817 ஏக்கர். சிங்கப்பூர்ப் பூமலையைப் போல நான்கு மடங்கு பரப்பு. பூங்காவின் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பகுதி கருகியது. பறவைகள் சரணாலயம் அழிந்தது. ஓர்கோலினியும் டர்னரும் வளர்த்த டான்டேஸ் வியூ தோட்டமும் தீக்கு இரையானது.

மரத்திற்காக ஏன் அழவேண்டும்?

உயிர்ச்சேதம் இல்லை, வீடுகளும் எரியவில்லை. அப்படியிருக்க, மக்கள் ஏன் அவ்வளவு துயரப்பட்டனர் என்று சிலர் கேட்கலாம்.

நாள்தோறும் ஒரே பாதையில் நடப்பவருக்கு அந்தப் பாதையின் ஒவ்வொரு வளைவும் பழகிய முகம் போன்றது. எந்த மரத்தடியில் நிழல் இருக்கும், எந்தப் புதரில் எந்தப் பறவை கத்தும் என்று அவர் அறிவார். தந்தையின் கையைப் பிடித்து முதன்முதலாக மலையேறிய இடம், நண்பர்களோடு பேசிச் சிரித்த இடம், மனம் கனத்த நாளில் தனியே சென்று அமர்ந்த இடம் என, வாழ்க்கையின் பல பக்கங்கள் அங்கே எழுதப்பட்டிருக்கின்றன. அந்த இடம் கருகும்போது, நினைவுகளுக்குரிய சாட்சியே இல்லாமல் போய்விட்டதாக மனம் தவிக்கிறது.

ஊரைவிட்டுப் பிரிந்து தொலைவில் வாழ்பவர் சொந்த ஊரை நினைத்து ஏங்குவார். அது நாம் அறிந்த ஏக்கம். ஆனால், ஊரைவிட்டு எங்கும் போகாமலேயே அதே ஏக்கத்தை உணரவும் கூடும். நாம் இருந்த இடத்திலேயே இருக்க, நம்மைச் சுற்றியுள்ள இடம் அடையாளம் தெரியாமல் மாறிப்போவதால் ஏற்படும் துயரம் அது. ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் கிளென் ஆல்பிரெக்ட் இதற்குச் ‘சோலஸ்டால்ஜியா’ என்று பெயரிட்டார். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ஹண்டர் பள்ளத்தாக்கில் நிலக்கரிச் சுரங்கங்கள் விரிவடைந்தபோது, அங்கேயே வாழ்ந்த மக்கள் பட்ட வேதனையைக் கண்டு அவர் இச்சொல்லை உருவாக்கினார். அன்பு வைத்த இடத்தை இழந்து வருந்துவது பலவீனம் அன்று. அதற்கு ஒரு பெயர் வைக்கவேண்டிய அளவுக்கு அது மனிதர்களிடம் பொதுவாகக் காணப்படும் உணர்வு.

உதவத் துடித்த கைகள்

துயரம் மனிதரைச் சும்மா இருக்கவிடாது. ஏதாவது செய்யத் தூண்டும். கரிய மலையைப் பார்த்தவர்களுக்கு உடனே தோன்றியது, அங்கே மரம் நடவேண்டும், விதை தூவவேண்டும் என்பதே. ஆயினும், இயற்கை ஆர்வலர்களும் தாவரவியல் அறிந்தவர்களும் பொறுமை காக்கும்படி கேட்டுக்கொண்டனர். அதற்கு அவர்கள் கூறிய காரணங்கள் எண்ணிப் பார்க்கத்தக்கவை.

முதலாவது, வெளியிலிருந்து கொண்டுவரும் விதைகளும் நாற்றுகளும் அந்த மலைக்கு உரியவையாக இல்லாமல் போகலாம். வேகமாக வளரும் அயல்நாட்டுப் புல் வகைகள் ஓரிரு மாதங்களில் மலையைப் பச்சையாகக் காட்டும். ஆனால், அவை மண்ணிலுள்ள நீரையும் சூரிய ஒளியையும் பறித்துக்கொண்டு, மெல்ல வளரும் சொந்தச் செடிகளை முளைக்கவிடாமல் செய்துவிடும். கோடையில் அவை முதலில் காய்ந்து, அடுத்த தீக்கு விறகாகவும் ஆகிவிடும்.

இரண்டாவது, எரிந்த மண் மிகவும் நொய்மையானது. அதன்மீது பலர் நடந்தால், சாம்பலுக்கு அடியில் தலைதூக்கும் முளைகள் மிதிபடும். சரிவிலுள்ள மண்ணும் பெயர்ந்துவிடும். அன்போடு வருகின்ற கால்களே தீங்கு செய்துவிடக்கூடும்.

அதற்காக எதையும் செய்யாமல் இருந்துவிடவும் முடியாது. காட்டுத்தீயின்போது செடிகளிலிருந்து வெளிப்படும் மெழுகு போன்ற பொருள்கள் ஆவியாகி மண்ணுக்குள் சென்று உறைகின்றன. இதனால் மண்ணில் நீர் புகாத படலம் ஒன்று உண்டாகிறது. பிடித்துவைக்க வேரும் இல்லாமல், உறிஞ்சிக்கொள்ள மண்ணும் இடங்கொடாமல், மழைநீர் சேற்றையும் கல்லையும் அடித்துக்கொண்டு கீழேயுள்ள வீடுகளை நோக்கிப் பாயும். ஆகவே, மழைக்காலம் தொடங்குமுன் சரிவுகளின் ஒரு பகுதியில் மரநாரும் பசையும் கலந்த கூழை ஹெலிகாப்டர் மூலம் நகர நிர்வாகம் தெளித்தது. மண்ணைப் போர்வைபோல் மூடிக் காப்பதே அதன் நோக்கம். அது தேவைதானா, செடிகளின் முளைப்பைத் தடுக்குமா என்பது பற்றியும் விவாதம் நடந்தது. எந்த இடத்தில் எவ்வளவு தலையிடுவது என்பது அறிஞர்களுக்கும் எளிதில் விடை கிடைக்காத கேள்வியாகவே இருந்தது.

சாம்பலுக்கு அடியில்

இயற்கை ஆர்வலர்கள் காத்திருக்கச் சொன்னதற்கு மிக முக்கியமான காரணம் மண்ணுக்குள் இருந்தது. மேலிருந்து பார்த்தவர்களுக்கு மலை செத்துவிட்டதாகத் தோன்றியது. ஆனால், ஷாபரல் காடு பல்லாயிரம் ஆண்டுகளாக அவ்வப்போது தீயைச் சந்தித்து வந்த காடு. எரிந்த பிறகு மீண்டெழும் வழிகளை அதன் செடிகள் தமக்குள்ளேயே வைத்திருக்கின்றன. அவற்றுள் மூன்று குறிப்பிடத்தக்கவை.

முதல் வழி, வேரிலிருந்து துளிர்ப்பது. லாரல் சுமாக், டோயான் போன்ற செடிகளின் தண்டும் இலையும் எரிந்தாலும், மண்ணுக்கடியில் உள்ள அடிப்பகுதி உயிரோடிருக்கும். வெட்டிய வாழையின் அடியிலிருந்து புதிய கன்று தலைகாட்டுவதைப்போல, கருகிய தண்டின் அடியிலிருந்து புதிய துளிர்கள் கிளம்பும். வேர் ஆழமாகச் சென்றிருப்பதால், மழை வருவதற்கு முன்பே சில செடிகள் துளிர்த்துவிடுகின்றன.

இரண்டாவது வழி, வெப்பத்தால் விழித்தெழும் விதைகள். சியனோதஸ் விதையின் உறை மிகவும் கெட்டியானது. சாதாரண மழைநீர் அதற்குள் புகாது. தீயின் வெப்பம் அந்த உறையில் விரிசல் உண்டாக்கிய பிறகே நீர் உள்ளே சென்று விதை முளைக்கும். அதுவரை பல ஆண்டுகள் அவ்விதை மண்ணில் உறங்கிக்கிடக்கும்.

மூன்றாவது வழி வியப்பானது. சில செடிகளின் விதைகளுக்கு வெப்பம்கூடத் தேவையில்லை, புகையே போதும். கலிஃபோர்னியாவில் ‘முணுமுணுக்கும் மணிகள்’ என்று பொருள்படும் பெயருடைய சிறு பூச்செடி ஒன்று உண்டு. அதன் காய்ந்த பூக்கள் காற்றில் அசையும்போது மெல்லிய சலசலப்பு கேட்கும் என்பதால் அப்பெயர் வந்தது. புகையில் உள்ள வேதிப்பொருள்கள் மண்ணில் படிந்து, ‘புதர்கள் எரிந்துவிட்டன, இப்போது வெயில் கிடைக்கும்’ என்று அதன் விதைகளுக்குச் செய்தி சொல்கின்றன. உடனே அவை முளைக்கின்றன. ஓரிரு ஆண்டுகள் மலர்ந்து, புதர்கள் மீண்டும் வளர்ந்து நிழல் பரப்பியதும் அவை மறைந்துவிடும். அவற்றின் விதைகள் மட்டும் அடுத்த தீ வரும்வரை மண்ணுக்குள் காத்திருக்கும்.

கிரிஃபித் பூங்காவிலும் அந்த ஆண்டின் இறுதியில் மழைக்காலம் வந்தது. அடுத்த இளவேனிலில் கருகிய சரிவுகளில் பசுமை படர்ந்தது, காட்டுப்பூக்கள் மலர்ந்தன. கரிய கொம்புகளாக நின்ற புதர்களின் அடியில் செந்நிறத் துளிர்கள் தோன்றின. அவற்றை எவரும் நடவில்லை.

காத்திருத்தலும் ஒரு வேலை

அப்படியானால், காட்டுத்தீ நல்லதுதானே என்று முடிவு கட்டிவிடலாகாது. ஷாபரல் காடு தாங்கக்கூடியது பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை வரும் தீயைத்தான். இளஞ்செடி வளர்ந்து, பூத்துக் காய்த்து, போதிய விதைகளை மண்ணில் சேமிக்க நெடுங்காலம் பிடிக்கும். சேமிப்பு நிறைவதற்குள் மீண்டும் தீ வந்தால் முளைப்பதற்கு விதை இருக்காது. துளிர்த்துத் துளிர்த்து வேரும் களைத்துவிடும். அந்த வெற்றிடத்தை அயல்நாட்டுப் புல்லும் கடுகு இனச் செடிகளும் பிடித்துக்கொள்ளும். அவை எளிதில் பற்றக்கூடியவை என்பதால் தீ இன்னும் அடிக்கடி வரும். இவ்வாறு சில முறை எரிந்தால் காடு நிரந்தரமாகவே அழிந்து, வெறும் புல்மேடு மட்டுமே எஞ்சும்.

நகரத்தை ஒட்டிய காடுகளுக்கு இந்த ஆபத்து மிகுதி. அங்கே பெரும்பாலான தீ மின்னலால் வருவதில்லை, மனிதர்களால் வருகிறது. அணைக்காமல் எறிந்த சிகரெட் துண்டு, சமைத்தபின் அணைக்காமல் விட்ட அடுப்பு, சூடான வாகனத்தின் அடியில் பட்ட காய்ந்த புல் ஆகிய ஏதேனும் ஒன்று போதும். நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பலர் காத்த இடத்தை ஒரு நொடிக் கவனக்குறைவு அழித்துவிடும்.

ஆகவே, காத்திருத்தல் என்பது கைகட்டி நிற்பதன்று. மூடப்பட்ட பாதைகளில் நடக்காமலிருப்பது, முளைத்துவரும் களைகளை அடையாளம் கண்டு பிடுங்குவது, எந்தச் செடி எங்கே திரும்பியுள்ளது என்று கண்காணித்துக் குறிப்பெடுப்பது, மீண்டும் தீ மூளாமல் விழிப்போடிருப்பது ஆகியன யாவும் காத்திருப்போர் செய்யவேண்டிய பணிகள். மரக்கன்று நடும் வேலைக்குக் கிடைக்கும் பாராட்டு இவற்றுக்குக் கிடைப்பதில்லை. ஆனால், காட்டை மீட்டெடுப்பவை இவையே. ‘ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கவேண்டும்’ என்று நம் முன்னோர் சொன்னது இங்கும் பொருந்துகிறது.

டான்டேஸ் வியூ தோட்டத்தின் நிலையோ முற்றிலும் வேறு. அங்கே வளர்ந்திருந்தவற்றுள் பல, அந்த மலைக்கு உரிய செடிகள் அல்ல. மனிதர்கள் கொண்டுவந்து நட்டவை. மண்ணுக்குள் அவற்றுக்கான விதைச் சேமிப்பு இல்லை. எத்தனை மழைக்காலம் காத்திருந்தாலும் ஓர்கோலினி உருவாக்கிய நிழல் தானாகத் திரும்பப் போவதில்லை. எனவே, தொண்டூழியர்கள் மீண்டும் மலையேறினர். மண்ணைக் கொத்தினர், செடிகளை நட்டனர், நீர் ஊற்றினர். ஒருவர் தொடங்கி, மற்றொருவர் தொடர்ந்த அதே பணியை இன்னொரு தலைமுறையின் கைகள் முதலிலிருந்து தொடங்கின. இன்றும் மலையேறுவோர் அங்கே அமர்ந்து இளைப்பாறுகின்றனர்.

ஒரே நாளில் எரிந்த, ஒரே மலையில் இருந்த இரண்டு இடங்கள். ஒன்றுக்கு மனிதரின் கைகள் தேவைப்பட்டன. மற்றொன்றுக்கு மனிதரின் பொறுமை தேவைப்பட்டது. எது எதற்குத் தேவை என்பதை அறிய, வெறும் அன்பு மட்டும் போதாது. அந்த இடத்தைப் பற்றிய அறிவும் வேண்டும்.

மீண்டும் உயிர்த்த மலை

2009ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகர மன்றம் கிரிஃபித் பூங்காவை வரலாற்றுப் பண்பாட்டுச் சின்னமாக அறிவித்தது. பூங்காவில் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்பதை ஆய்வாளர்கள் முன்பைவிடக் கவனமாகப் பதிவு செய்யலாயினர். 2012ஆம் ஆண்டு பிப்ரவரியில், வனவிலங்குகளைப் படம்பிடிக்க அங்கே வைத்திருந்த தானியங்கிப் படக்கருவியில் ஓர் அரிய உருவம் பதிவாகியிருந்தது. அது ஆண் மலைச்சிங்கம். பரபரப்பான இரண்டு விரைவுச்சாலைகளைத் தாண்டி, நகரின் நடுவிலிருந்த அந்தப் பூங்காவுக்கு அது தனியே வந்து சேர்ந்திருந்தது. ஆய்வாளர்கள் அதற்குப் ‘பி-22’ என்று பெயரிட்டனர். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் மான்களை வேட்டையாடி அது அங்கேயே வாழ்ந்தது.

முதுமையாலும் காயங்களாலும் நலிந்த பி-22, 2022ஆம் ஆண்டு டிசம்பரில் கருணைக்கொலை செய்யப்பட்டது. 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள், கிரிஃபித் பூங்காவிலுள்ள கிரீக் திறந்தவெளி அரங்கில் அதற்கு நினைவஞ்சலிக் கூட்டம் நடைபெற்றது. ஆயிரக்கணக்கான மக்கள் அங்கே திரண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அந்த விலங்கை நேரில் பார்த்ததே இல்லை. இருந்தாலும், தம் ஊரின் நடுவே ஒரு காடு உயிரோடு இருக்கிறது என்பதற்கு அது சாட்சியாக வாழ்ந்தது. ஆகவே, தங்களுள் ஒருவரை இழந்ததுபோல் அவர்கள் வருந்தினர்.

ஒரு பூங்கா எரிந்தால் யார் வீட்டில் துக்கம் விசாரிப்பது என்ற கேள்விக்கு லாஸ் ஏஞ்சலிஸ் மக்கள் தம் செயலால் விடை கூறினர். நடவேண்டிய இடத்தில் அவர்கள் நட்டனர். மிதிக்கக்கூடாத இடத்தில் மிதிக்காமல் விலகி நின்றனர். துக்கம் விசாரிக்கச் செல்பவர் அந்த வீட்டாரின் தேவை என்னவென்று அறிந்து உதவுவதைப்போல, அவர்கள் எரிந்த மலையின் தேவையை அறிந்து உதவக் கற்றுக்கொண்டனர். மலையும் தனக்குரிய காலத்தை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்லப் பசுமையாயிற்று.